கறுப்புக்கு எத்தனை பால்? இலத்தீன், அறபு, தமிழ் நிறச்சொற்கள் பற்றிய ஒரு விளக்கம்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை. நான் படிப்பிக்கும் பாடசாலையில் உயர்தர உயிரியல் வகுப்புக்கு ஆசிரியர் வராத பாடவேளை அது. தமிழ் ஆசிரியரான என்னை அங்கே போய் இருக்கச் சொன்னார்கள். நான் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். கடலட்டைக்குச் சுழியோடப் போகும் ஒருவரின் மகள் அவள்.

"சேர், மிளகு பைப்பர் நிக்ரம். கறுப்புக் கடுகு பிராசிக்கா நிக்ரா. வெங்காயத்துல பிடிக்கிற கறுப்புப் பூஞ்சணம் அஸ்பர்ஜில்லஸ் நைஜர். மூணும் கறுப்புத்தானே. ஏன் மூணு மாதிரி எழுதணும்? போன சோதனையில எனக்கு இதுலதான் புள்ளி போச்சு."

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானோ, "அது இலத்தீன் மகள். அதுக்கெல்லாம் காரணம் இல்ல. பாடமாக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கொப்பிக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "பாடமாக்கித்தான் ஆகணும் என்டா, விளங்குற பாடத்தப் பாடமாக்குறன் சேர்" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தைத்தது. காரணம் இருக்கும் ஒன்றுக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன் என்ற சந்தேகம் அன்றே வந்துவிட்டது.

நகரத்தில் ஓய்வாக இருக்கும் வயதான கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் இளமையில் இலத்தீன் படித்தவர். அஸர் தொழுதுவிட்டு அவரிடம் போய்ப்வரத் தொடங்கினேன். முதல் நாளே அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "மாஸ்டர், உங்களுக்கு அறபு இலக்கணம் தெரியும்தானே? அப்ப பாதி இலத்தீன் தெரியும்." அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தப் பாதியையும், தமிழில் நம்மிடம் இருக்கும் மறுபாதியையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

பொருளுக்கும் பால் உண்டு

தமிழில் மனிதருக்குத்தான் ஆண்பால், பெண்பால். மற்றதெல்லாம் அஃறிணை. இலத்தீன் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், பொது என்ற மூன்றில் ஒரு பால் உண்டு. புத்தகத்தைக் குறிக்கும் லிபெர் ஆண்பால். மேசையைக் குறிக்கும் மென்சா பெண்பால். கடலைக் குறிக்கும் மரே பொதுப்பால். மென்சா போர்த்துக்கேய மொழியில் மேசா ஆகி, அங்கிருந்து நம் வீட்டு 'மேசை' ஆனது. ஆகவே இலத்தீன் நமக்கு அவ்வளவு தூரத்து மொழியுமல்ல. வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த பெஸ்கி பாதிரியார் பேச்சுத்தமிழுக்கு எழுதிய இலக்கணம் இலத்தீனில்தான் இருக்கிறது. அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது.

பெயருக்கு என்ன பாலோ, அதைச் சிறப்பிக்கும் நிறச்சொல்லும் அந்தப் பாலில்தான் வரவேண்டும். இதுதான் முதல் விதி. வெள்ளைக்குரிய சொல் ஆண்பாலில் அல்புஸ், பெண்பாலில் அல்பா, பொதுப்பாலில் அல்பும். கறுப்புக்குரிய சொல் நிகெர், நிக்ரா, நிக்ரும். சிவப்புக்குரியது ருபெர், ருப்ரா, ருப்ரும்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி அவிழ்ந்துவிடுகிறது. மிளகைக் குறிக்கும் பைப்பர் பொதுப்பால், ஆகவே நிக்ரும் (நம் பிள்ளைகள் நிக்ரம் என்பார்கள்). கடுகின் பேரினமான பிராசிக்கா பெண்பால், ஆகவே நிக்ரா. அஸ்பர்ஜில்லஸ் ஆண்பால், ஆகவே நிகெர் (ஆங்கில வழியில் வந்ததால் நைஜர்). மூன்றும் ஒரே சொல். மூன்று சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். சந்தனம் சான்டலும் அல்பும் என்று வருவதும் இதனால்தான்.

அல்புஸ் என்பதில் 'உஸ்' இருக்கிறது. நிகெர் என்பதில் ஏன் இல்லை? அந்த ஈறு பழங்காலத்திலேயே தேய்ந்து விழுந்துவிட்டது. ஈறு இல்லாமல் 'நிக்ர்' என்று மட்டும் நின்றால் உச்சரிக்க வராது. அதனால் நடுவில் ஓர் எகரம் வந்து உட்கார்ந்தது. பெண்பாலில் ஆகாரம் சேர்ந்தவுடன் அந்த எகரத்துக்கு வேலை இல்லை, போய்விடுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நாம் புணர்ச்சியில் படிப்பிப்பதைப் போன்றதே இது.

மரங்களில் ஒரு பொறி

'உஸ்' என்று முடிந்தால் ஆண்பால் என்று பாடமாக்கியவர்கள் மரத்தடியில் தடுக்கி விழுவார்கள். இலத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். வெண்முசுக்கட்டை மரம் மோருஸ் அல்பா, மோருஸ் அல்புஸ் அல்ல. அரசமரம் ஃபிக்குஸ் ரெலிஜியோசா. ஈற்றைப் பார்த்துப் பாலை முடிவு செய்யக்கூடாது. அறபு படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. யது (கை), ஷம்ஸ் (சூரியன்) ஆகிய சொற்களின் ஈற்றில் பெண்பால் அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவை பெண்பால்தானே.

நம் களப்புகளின் ஓரத்தில் நிற்கும் கண்டல் மரம் ஒன்றின் பெயர் அவிசென்னியா மரினா. இந்த அவிசென்னியா யார்? நம் இப்னு சீனாதான். 1037இல் மறைந்த அந்த மருத்துவரின் கானூன் என்ற நூலை 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனுக்குப் பெயர்த்தார்கள். இலத்தீன் உலகம் அவரை அவிசென்னா என்று அழைத்தது. பிற்காலத்தில் லின்னேயஸ் அந்தப் பெயரை ஒரு மரப் பேரினத்துக்குச் சூட்டினார். அப்படி அவரும் இலக்கணத்தில் பெண்பாலாகிவிட்டார். கடலுக்குரிய என்ற பொருளில் மரினா. இதே பேரினத்தில் இன்னொரு இனத்துக்கு அவிசென்னியா அல்பா என்று பெயர். வலை காயப்போடும் கரையில் நிற்கும் மரத்தில் இப்னு சீனாவின் பெயர் இருக்கிறது என்று சொன்னபோது வகுப்பில் யாரும் முதலில் நம்பவில்லை.

பேரினம் மாறினால் ஈறும் மாறும். பெரிய வெண்கொக்கை 1758இல் லின்னேயஸ் அர்டேயா அல்பா என்றார். பிறகு சிலர் அதைக் காஸ்மெரோடியுஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்கு மாற்றினார்கள். உடனே அல்பா, அல்புஸ் ஆனது. இப்போது திரும்ப அர்டேயாவுக்கே வந்துவிட்டதால் மீண்டும் அல்பா. பழைய பறவைப் புத்தகத்தில் ஒரு ஈறும் புதியதில் வேறு ஈறும் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

வேற்றுமை ஏற்றல்

இரண்டாவது விதி, நிறச்சொல்லும் வேற்றுமை உருபு ஏற்கும். தமிழில் 'கருமிளகு' என்பதை 'கருமிளகின்' என்று ஒரு தடவை மாற்றினால் போதும், 'கரு' அசையாது. இலத்தீனில் இரண்டு சொல்லும் மாற வேண்டும். மருந்து நூல்களில் 'பிபெரிஸ் நிக்ரி ஃபுருக்டுஸ்' என்று இருக்கும். கருமிளகினுடைய கனி என்று பொருள். பைப்பர் பிபெரிஸ் ஆனதுபோல நிக்ரும் நிக்ரி ஆகிவிட்டது.

வெள்ளையை வைத்து ஒருமை வடிவங்களைச் சொல்கிறேன். ஆண்பால் எழுவாய் அல்புஸ், செயப்படுபொருள் அல்பும், உடைமை அல்பி, கொடை அல்போ. பெண்பாலில் அதே வரிசையில் அல்பா, அல்பம், அல்பே, அல்பே. பொதுப்பாலில் அல்பும், அல்பும், அல்பி, அல்போ. பொதுப்பாலில் எழுவாயும் செயப்படுபொருளும் எப்போதும் ஒன்றுதான். விளியை விட்டால் ஐந்து வேற்றுமை, இரண்டு எண், மூன்று பால், ஆக முப்பது இடங்கள். ஆனால் பல இடங்களில் ஒரே வடிவம் திரும்ப வருவதால் பாடமாக்க வேண்டியது அதில் பாதிகூட இல்லை.

எல்லா நிறச்சொல்லும் இந்த வாய்ப்பாட்டில் போவதில்லை. பச்சைக்குரிய விரிடிஸ் வேறு வகை. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், பொதுப்பாலுக்கு மட்டும் விரிடே. குப்பைக்கீரை அமரந்துஸ் விரிடிஸ். அமரந்துஸ் ஆண்பால். பழைய நூல்களில் ஒரு புதினாவுக்கு மெந்தா விரிடிஸ் என்று பெயர். மெந்தா பெண்பால். இரண்டுக்கும் ஒரே ஈறு. பொதுப்பாலில் வரும் ஒரு பன்னத்துக்கு அஸ்பிளீனியும் விரிடே. மாணவர்கள் மயங்குவது இந்த இரண்டு வகையும் கலந்து வருவதால்தான்.

நிறச்சொல் பிறக்கும் வழி

மூன்றாவது, இந்தச் சொற்கள் எப்படி ஆக்கப்படுகின்றன என்பது. அல்புஸ், நிகெர், ருபெர் போன்றவை வேர்ச்சொற்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை மூன்று வழியில் பிறக்கின்றன.

ஒன்று, பொருளின் பெயரிலிருந்து. சாம்பல் கினிஸ், சாம்பல் நிறம் கினெரேயுஸ். சாம்பல் நாரைக்கு அர்டேயா கினெரேயா. வெள்ளி அர்கென்டும், வெள்ளி நிறம் அர்கென்டேயுஸ். மீன் கடையில் வெள்ளை வவ்வால் என்று வாங்குவது பம்புஸ் அர்கென்டேயுஸ். பக்கத்தில் கிடக்கும் கறுப்பு வவ்வால் பராஸ்ட்ரோமாட்டேயுஸ் நிகெர். பொன் அவ்ரும், பொன்னிறம் அவ்ரேயுஸ். நாமும் மஞ்சள், சாம்பல், மண்ணிறம் என்று பொருளைக் காட்டித்தானே நிறம் சொல்கிறோம்.

இரண்டு, வினையிலிருந்து. வெளுத்திருத்தல் அல்பேரே, அதிலிருந்து அல்பிடுஸ், வெளிறிய. நீலம்பாரித்திருத்தல் லிவேரே, அதிலிருந்து லிவிடுஸ். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறா கொலும்பா லிவியா. அந்த லிவியாவையும் இந்தச் சொல்லோடுதான் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2003இல் கடல் தேசியப் பூங்காவான அந்தத் தீவின் புறாக்களுடைய முதுகைப் பார்த்தவர்களுக்குப் பொருத்தம் விளங்கும்.

மூன்று, 'ஆகிக்கொண்டிருக்கும்' என்ற பொருளில் வருவது. ருபெஸ்கென்ஸ் சிவக்கின்ற, நிக்ரெஸ்கென்ஸ் கறுக்கின்ற, அல்பிகன்ஸ் வெளுக்கின்ற. இவற்றில் மூன்று பாலுக்கும் எழுவாயில் ஒரே வடிவம்.

இன்னொரு நுட்பம். பழைய இலத்தீனில் வெள்ளையும் கறுப்பும் இரண்டிரண்டு. அல்புஸ் மங்கிய வெள்ளை, கன்டிடுஸ் ஒளிரும் வெள்ளை. ஆடெர் ஒளியற்ற கறுப்பு, நிகெர் மினுங்கும் கறுப்பு. அந்தப் பிள்ளையின் வாப்பா எடுத்துவரும் அட்டைகளில் கரிக்கட்டைபோல ஒன்று இருக்கும். ஹொலத்தூரியா ஆட்ரா என்பது அதன் பெயர். வாய்ப்புண் உண்டாக்கும் பூஞ்சணத்துக்குக் கன்டிடா அல்பிகன்ஸ் என்று பெயர், வெள்ளைமேல் வெள்ளை. உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்து ஒளிரும் மேலாடை உடுத்தி வந்ததால் கன்டிடாட்டுஸ் எனப்பட்டார்கள். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. கலியாண வீட்டு ஆல்பமும், ஆஸ்பத்திரியில் சலத்தில் பார்க்கும் அல்புமினும் அல்புஸின் பிள்ளைகள்தான்.

அறபு அறிந்தவருக்குப் பாதி

இனிப் பாதிரியார் சொன்ன பாதிக்கு வருவோம். அறபில் நிறச்சொற்களுக்கென்றே ஓர் அச்சு உண்டு. மூன்று மூலமெய்களை அதில் போட்டால் ஆண்பால், பெண்பால், பன்மை மூன்றும் வந்துவிடும். சிவப்பு அஹ்மர், ஹம்ரா, ஹும்ர். மஞ்சள் அஸ்ஃபர், ஸஃப்ரா, ஸுஃப்ர். பச்சை அக்ழர், கழ்ரா, குழ்ர். கறுப்பு அஸ்வத், ஸவ்தா, ஸூத். வெள்ளை அப்யழ், பைழா, பீழ்.

தெரியாமலே நாம் தினமும் சொல்லும் பெயர்களில் இந்த இயைபு இருக்கிறது. ஹஜர் (கல்) ஆண்பால், ஆகவே ஹஜருல் அஸ்வத். குப்பா (குவிமாடம்) பெண்பால், ஆகவே மதீனாவின் பச்சைக் குவிமாடம் குப்பத்துல் கழ்ரா. கிரனாடாவின் அரண்மனை அல்ஹம்ரா ஆனது, கோட்டையைக் குறிக்கும் கல்ஆ பெண்பால் என்பதால். ஸூரத்துல் பகராவில் பசுவின் நிறம் ஸஃப்ரா என்றும், மூஸா நபியின் கை பைழா என்றும் வருவது இதே விதியால். ஸூரா ஃபாத்திரின் 27ஆம் வசனத்தில் மலைகளின் வெண்மை, செம்மை, கருமை ஆகிய கீற்றுகளுக்குப் பீழ், ஹும்ர், ஸூத் என்ற மூன்று பன்மை வடிவங்களும் ஒன்றாக வருவதை ஓதுகிறவர்கள் கவனிக்கலாம்.

வேற்றுமையிலும் ஒற்றுமை உண்டு. அறபிலும் பெயரோடு நிறச்சொல் சேர்ந்தே மாறும். ஆனால் அஹ்மர் போன்றவை தன்வீன் ஏற்காத, மத்ரஸாவில் கைரு முன்ஸரிஃப் என்று படிப்பிக்கும் வகை. தனித்து நிற்கையில் மூன்று வேற்றுமைக்கு இரண்டு ஒலிதான்: எழுவாயில் அஹ்மரு, மற்ற இரண்டிலும் அஹ்மர. மத்ரஸாவில் இதைப் படித்த ஒரு பிள்ளைக்கு நிகெர், நிக்ரா, நிக்ரும் புதினமாக இருக்க நியாயமே இல்லை. இரண்டையும் இணைத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

தமிழ் தரும் மறுபாதி

தமிழில் நிறச்சொல்லுக்குப் பால் இல்லை என்று நினைக்கிறோம். இருக்கிறது, இடம்தான் வேறு. கரியன், கரியள், கரியர், கரியது, கரியன. ஐந்து பாலும் வந்துவிட்டன. தொல்காப்பியர் இவ்வகைச் சொற்களை வினையியலில் குறிப்பு வினையாக வைத்தார். பெயருக்கு முன்னால் வரும்போது 'கரிய' என்பது அசையாது: கரிய மனிதன், கரிய பெண், கரிய கல். பெயருக்குப் பின்னால் பயனிலையாக வந்தால் பால் காட்டும்: அவன் கரியன், அவள் கரியள், கல் கரியது. இலத்தீனும் அறபும் இரண்டு இடத்திலும் பால் காட்டும். தமிழ் ஓரிடத்தில் மட்டும் காட்டும். இன்றைய பேச்சில் "கல்லு கறுப்பு" என்று பெயரையே பயனிலையாக வைத்து அதையும் விட்டுவிட்டோம்.

ஆக்கத்திலும் தமிழ் இளைத்ததல்ல. நன்னூலார் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்குச் சொன்ன விதிகளை நினைத்துப் பாருங்கள். கருமையின் 'மை' விழுந்து கருவிழி. விழுந்து இனமெய் மிகுந்து கருங்கடல். மகரம் திரிந்து செந்தாமரை. பசுமையில் முதல் எழுத்து நீண்டு பாசிலை. அகரம் ஐயாகிப் பைந்தமிழ். இடையிலுள்ள உகரம் இகரமாகிக் கரியன். இதைப் பதினோராம் தரத்துப் பிள்ளை எழுதுகிறது என்றால், நிகெரின் எகரம் கெட்டு நிக்ரா ஆவது எந்த மூலைக்கு?

இதில் ஓர் எழுத்துப்பிழைக்கும் மருந்து உண்டு. கருமை, கரிய, கருங்கல் ஆகியவை பண்படியில் பிறந்தவை, இடையின ரகரம். கறுத்தல், கறுப்பு ஆகியவை வினையடியில் பிறந்தவை, வல்லின றகரம். கறு, சிவ, வெளு என்ற வினைகளிலிருந்து கறுப்பு, சிவப்பு, வெளுப்பு. இலத்தீனில் அல்பேரேயிலிருந்து அல்பிடுஸ் பிறந்த அதே வழி. கறுப்பும் சிவப்பும் சினத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்வதற்கும் இந்த வினைத்தன்மை பொருந்துகிறது. இன்றும் "முகம் கறுத்துப் போச்சு", "கண் சிவந்து போச்சு" என்றுதானே சொல்கிறோம்.

வகுப்பறைக்குத் திரும்பி

இதையெல்லாம் நான் படித்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதற்குள் அந்தப் பிள்ளை கலைப்பிரிவில் என்னிடமே தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். பண்புப்பெயர்ப் புணர்ச்சி படிப்பித்த அன்று கரியன், கரியள், கரியது என்று பலகையில் எழுதி, பக்கத்தில் அஸ்வத், ஸவ்தாவையும், அதற்குப் பக்கத்தில் நிகெர், நிக்ரா, நிக்ருமையும் எழுதினேன். அவள் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள்.

"இத அன்டைக்கே சொல்லியிருந்தா நான் அங்கயே இருந்திருப்பன் சேர்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பதில் வரவில்லை. "எனக்கு அன்டைக்குத் தெரியாது மகள்" என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது.

இப்போது ஒவ்வொரு புதுத் தொகுதியும் உயிரியல் பிரிவில் சேர்ந்தவுடன் இரண்டு பாடவேளை கேட்டு வாங்குகிறேன். ஒரே ஒரு தாள் கொடுப்பேன். அதில் மூன்று மொழியிலும் ஐந்து நிறம், மரங்களைப் பற்றிய எச்சரிக்கை, அல்புஸ் வகைக்கும் விரிடிஸ் வகைக்கும் ஒவ்வோர் உதாரணம். அவ்வளவுதான். விஞ்ஞானப் பாடங்களைத் தமிழில் படிப்பிக்கிறவர்களும், மத்ரஸாவில் அறபு இலக்கணம் படிப்பிக்கிறவர்களும், என்போல் நன்னூல் படிப்பிக்கிறவர்களும் ஒரே ஊரில்தான் இருக்கிறோம். ஒரு பின்னேரம் ஒன்றாக உட்கார்ந்தால் இப்படி இன்னும் எத்தனை தாள் எழுதலாம்.

போன வருடம் அந்தத் தாளைச் சுத்தமாகப் படியெடுத்துத் தந்தது அவள்தான். விரிடிஸுக்கு நேரே நான் விட்டிருந்த ஒரு பிழையையும் திருத்தித் தந்தாள்.